செவ்வாய்க்குப் போட்ட சாட்சிக் கையெழுத்து

“படிச்சுப் பாத்தீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க—”

“சாட்சிக் கையெழுத்துல இன்னா படிச்சுப் பாக்கறது, பேரு போடணும், அட்ரஸ் போடணும்—”

“படிச்சீங்களா?”

“—அவன் அப்பா அம்மா படிச்சிருப்பாங்க, நான் எதுக்குப் படிக்கணும்!”

“அவன் அப்பா அம்மா போவல. நீங்கதான் போறீங்க. இதோ போட்டுக்கீது பாருங்க. கே. கரீமுல்லா. வயசு அறுபத்திரெண்டு. தொழில் தையல். சேருமிடம் செவ்வாய்.”

“மெதுவா சொல்லு ஜஹனாரா. கீழ் வூட்ல கேக்கும்.”

மெதுவாகச் சொன்னாலும் கடிதம் மாறவில்லை. அன்று திங்கட்கிழமை, மீர்சாகிப்பேட்டை மாடி வீட்டுக்கு அது பதிவுத் தபாலில் வந்திருந்தது. மேலே ஒரு சிவப்பு உருண்டை, உருண்டைமேல் ஒரு வீடு, அதன் கீழே ‘புறக்கோள் குடியமர்த்தல் வாரியம், அடையாறு’. முதல் தொகுதிக் குடியமர்வோராகத் தாங்கள் தேர்வு பெற்றதில் வாரியம் மகிழ்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாகனம் வரும். வாகனத்தைக் காக்கவைப்பது குற்றம்.

கரீமுல்லாவுக்கு மூச்சு இளைத்தது. பயந்தால் இளைக்கும், தூசி பட்டால் இளைக்கும், மாடி ஏறினால் இளைக்கும். ஜஹனாரா மேஜைமேல் இருந்த நீல பம்ப்பை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு முறை உறிஞ்சினார். நெஞ்சுக்குள் கேட்ட பூனைச் சத்தம் அடங்கியது.

“யாரு அந்தப் பையன்?” என்றாள்.

“அஸ்வின்னு பேரு. கண்ணாடி போட்டிருந்தான். வணக்கம் சொன்னான். நல்ல பையன்.”

கரீமுல்லாவின் தையல் மெஷின் தி.நகரில் ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தின் சுவரை ஒட்டி முப்பத்தெட்டு வருடங்களாக நிற்கிறது. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பார், பேன்ட் நீளம் குறைப்பார். வீடு விற்க வருகிறவர்களுக்கும் உயில் எழுத வருகிறவர்களுக்கும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பதிய வருகிறவர்களுக்கும் எப்போதும் ஒரு சாட்சி குறையும். “பாய், ஒரு கையெழுத்து” என்பார்கள். பெடலை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் போட்டுவிட்டு வருவார். ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. ஒரு வரிகூடப் படித்ததும் இல்லை. அடுத்தவர் காகிதத்தைப் படிப்பது அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல என்று நினைத்தார்.

மறுநாள் காலை இருவரும் கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதுகிற கிச்சாவிடம் போனார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூர்க்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தார்.

“விதி பதினாலு. விண்ணப்பதாரர் விலகும் பட்சத்தில், அன்னாரது நோக்கத்தை முழுமையாக அறிந்ததாகச் சான்றளித்த சாட்சியே அன்னாரது இடத்தில் குடியமர்த்தப்படுவார். பாய், அந்தப் பிள்ளையாண்டான் விலகிண்டுட்டான்.”

“ஏனாம்?”

“அவன் அம்மா நேத்து இங்கதான் வந்திருந்தா. ஜாதகத்துல செவ்வாய் தோஷமாம். மத்தவாள்லாம் வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போவா, இவன் செவ்வாய்க்கே போறேன்னு கிளம்பிட்டான். இப்போ நங்கநல்லூர்ல அதே தோஷத்தோட ஒரு பொண்ணு அமைஞ்சுடுத்து. பையன் பூமிலயே இருக்கேன்னுட்டான்.”

“நல்லா இருக்கட்டும்” என்றார் கரீமுல்லா.

“அவன் நல்லா இருக்கட்டும், நாம இன்னா பண்றது?” என்றாள் ஜஹனாரா.

“ஆட்சேபணை மனு போடலாம் மாமி. பாய்க்கு அவன் நோக்கம் தெரியாதுன்னு ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்.”

“நீங்க ஒண்ணு போடுங்க கிச்சா சார். முப்பது வருசமாப் பக்கத்துல குந்திக்கினு கீறீங்க.”

கிச்சா கண்ணாடியை இறக்கிக்கொண்டார். குடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

“அந்த சாட்சிக்கும் விதி பதினாலு உண்டான்னு முதல்ல கேட்டுண்டு வந்துடுங்கோ.”

வாரியம் அடையாற்றில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இருந்தது. வாசல் வளைவில் ‘வருக வருக’ அப்படியே இருந்தது. ஜன்னல்களை மட்டும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்குச் சிவப்புப் பெயின்ட். உள்ளே ஏதோ பெரிய இயந்திரம் ம்ம்ம்மென்று ஓடிக்கொண்டே இருந்தது. முன்பு சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்த மேஜையில் அன்புக்கரசி என்ற ஊழியர் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மனுவாம்மா? துணை இயக்குநரப் பாருங்க. மணமகன் அறை.”

துணை இயக்குநர் செம்பியன் எழுந்து நின்று வரவேற்றார்.

“வாருங்கள், வாருங்கள். செவ்வாய்வாசி ஒருவரை நான் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதா?”

“சார், அதப் பத்தித்தான்… நான் தையல்காரன் சார். எனக்கு வீசிங் கீது. மனுசன் அங்க இருக்க முடியுமா சார்?”

செம்பியன் கண்ணை மூடிக்கொண்டார். பலமுறை பேசிப் பழகிய பேச்சு என்று தெரிந்தது.

“மனிதன் செவ்வாயில் வாழ முடியுமா? எல்லாரும் இதையே கேட்கிறார்கள். தவறான கேள்வி, ஐயா. முடியுமா என்பது விஞ்ஞானிகளின் வேலை. இன்னும் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும். அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவது எங்கள் வேலை. போட்டு முடித்துவிட்டோம்.”

“காத்து கீதா சார்?”

“இல்லை. தண்ணீரும் இல்லை. நான் முன்பு வேறொரு துறையில் இருந்தேன். ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில் கொண்டுபோய் அமர்த்தினேன். பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பஸ் இல்லை. அங்கே மனிதன் வாழ முடியுமா என்று அன்றும் கேட்டார்கள். முதல் வருடம் தினமும் மனு. அடுத்த வருடம் வாரத்துக்கு ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. ஏன் சொல்லுங்கள்?”

“பழகிட்டாங்களா சார்?”

“மனு கொடுக்க வருவதற்கு பஸ் இல்லை.” அவர் சிரிக்கவில்லை. “மனு நின்றுவிட்டால் குறை தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்தச் சாதனைக்காகத்தான் என்னை இந்தப் பதவியில் உட்கார்த்தினார்கள். செவ்வாயிலிருந்து ஒரு மனுகூட வராது.”

ஜஹனாரா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “ராக்கெட்டு எப்ப சார் கிளம்புது?”

“ராக்கெட் வேறு துறை, அம்மா. இன்னும் டெண்டரே விடவில்லை.”

இருவரும் மூச்சு விட்டார்கள்.

“ஆனால் பழக்க முகாம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. இதே மண்டபத்தில். முன்னோட்டமாகப் பதினோரு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். கதவை மூடி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். காற்றே இல்லாத இடத்துக்குப் போகிறவர் திடீரென்று போய் நின்றால் சிரமப்படுவார் அல்லவா? மக்கள்மேல் உள்ள அக்கறைதான்.”

“எத்தினி நாளு சார்?”

“ராக்கெட் வரும்வரை.”

“ராக்கெட்டு எப்ப…”

“வேறு துறை.”

அப்போது செங்கல் சுவருக்குப் பின்னாலிருந்து மூன்று முறை தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று.

“கட்டட வேலை நடக்கிறது” என்றார் செம்பியன். கொத்தனார்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஜஹனாரா வரும்போதே பார்த்திருந்தாள்.

“பம்ப்பு எடுத்துனு வரலாமா சார்?” கரீமுல்லாவின் குரல் பாதியாகிவிட்டது.

“மருந்து பூமிப் பொருள். அங்கே மருந்துக்கடை கிடையாது. இங்கே மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் பழக்கம் எப்படி வரும்? இரண்டு மாற்றுடை, ஒரு தலையணை. அவ்வளவுதான் அனுமதி. ‘பூமிப் பொருள் ஏதும் என்னிடம் இல்லை’ என்று வாசலில் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டாருக்குக் கவலை வேண்டாம். மாலையில் தொலைபேசி வசதி உண்டு.”

“ஆட்சேபணை மனுவுக்கு ரெண்டு சாட்சி கூட்டியாந்தா?” என்றாள் ஜஹனாரா. “அந்த சாட்சிக்கும் விதி பதினாலு உண்டா?”

“விதி எல்லாருக்கும் பொது, அம்மா. மனு தோற்றால் அவர்களும் குடியமர்வோர். இடம் நிறைய இருக்கிறது.”

“அப்ப நானும் அவரோடயே போறேன். துணைன்னு எழுதிக்குங்க.”

“நல்லது. விண்ணப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாட்சி வேண்டும்.”

“இவரே போடுவாரு. எல்லாருக்கும் போட்டவரு.”

“இவர் செவ்வாய்வாசி. வேற்றுக்கோள்வாசியின் கையெழுத்து பூமி ஆவணத்தில் செல்லாது.”

ஜஹனாரா எழுந்துவிட்டாள். “வர மாட்டாருன்னா இன்னா பண்ணுவீங்க? எங்க தங்கச்சி ரூபீனா வூடு பாலவாக்கத்துல கீது. அங்கப் போயிடுவோம்.”

“போகலாம்” என்றார் செம்பியன், இனிமையாக. “போனால் இவர் சொன்ன சாட்சி பொய் என்றாகும். பொய்ச்சாட்சிக்காரர் கையெழுத்திட்ட ஆவணம் எதுவும் நிற்காது. அன்புக்கரசி! எத்தனை?”

வெளியிலிருந்து குரல் வந்தது. “ஆயிரத்து எழுநூத்திப் பதினொண்ணு சார். அதுல கல்யாணம் மட்டும் நானூத்தி ஆறு.”

புதன்கிழமை முழுவதும் கரீமுல்லா மனுவுக்குச் சாட்சி கேட்டு வீடு வீடாக ஏறினார். அவர் சாட்சிக் கையெழுத்தில் மயிலாப்பூரில் வீடு வாங்கிய ஜெயராம் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் பேசினார்.

“பாய், எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. கையெழுத்தே போடப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“இன்னா ஆபரேஷன் சார்?”

“கண்.”

சிந்தாதிரிப்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம், பதினெட்டு வருடங்களுக்கு முன்பு இவர் சாட்சியில் ஓடிவந்து கல்யாணம் செய்தவர். மனைவியையும் இரண்டு பெண்களையும் கடை வாசலுக்கே அழைத்துவந்து காலில் விழவைத்தார்.

“நைனா, நீ எங்களுக்கு தெய்வம். சாட்சி மட்டும் கேக்காத. அப்புறம், நீ எங்கியோ ஓடிப்போறன்னு பேச்சு அடிபடுது. ஓடிட மாட்டியே? நாங்க புருசன் பொண்டாட்டியா இருக்கறதா இல்லியான்னு உன் கைலதான் கீது.”

வியாழக்கிழமை அவருடைய மெஷினுக்கு யாரும் துணி கொண்டுவரவில்லை. ஆனால் எதிரே நாலைந்து பேர் முறைவைத்து நின்றார்கள். அவர் எழுந்தால் அவர்களும் எழுந்தார்கள். டீக்கடைக்குப் போனால் பின்னாலேயே வந்தார்கள்.

பிற்பகலில் வீட்டுக்கு வந்தபோது ஜஹனாரா தரையில் உட்கார்ந்து அவருடைய தலையணையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுத்துணி அடைத்து அவரே செய்த தலையணை.

“இன்னா பண்ற?”

“ஓரம் பிரிஞ்சிருந்துச்சு.”

“செவப்பு நூல்ல தச்சுக்கீற. வெள்ளைத் துணிக்கு யாராவது செவப்பு நூல் போடுவாங்களா? தையலும் கோணல். குடு, பிரிச்சுப் போட்டுத் தரேன்.”

“இருக்கட்டும்!”

“ரெண்டு நிமிசம்—”

“இருக்கட்டும்ன்றேன் இல்ல! தொடாதீங்க!”

அவர் கையை இழுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிக் கத்தியதில்லை. பயந்துபோய்க் கீறா, பாவம், என்று நினைத்தார்.

அவள் பயந்துதான் இருந்தாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் வாசலில் சத்தியம் செய்யச் சொல்லும்போது இந்த மனிதர் நின்றுவிடுவார். படிக்காமல் கையெழுத்துப் போடுவாரே தவிர, தெரிந்து ஒரு பொய் சொல்ல மாட்டார். தெரியாதவரைக்கும் அவர் சத்தியம் பொய்யில்லை. நாளைக்குச் சாயங்காலம் போனில் சொல்லிக்கொள்ளலாம். போன் வசதிதான் உண்டே.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாகனம் வந்தது. தெரு நிறைய ஆட்கள். நானூற்றாறு கல்யாணத்தில் பாதியாவது வந்திருக்கும். மாலை, சால்வை, இரண்டு நாதஸ்வரம். கிச்சாவும் வந்து ஒரு ரோஜாமாலை போட்டார்.

“ஜும்மா தொழுதுட்டு வந்துடறேனே” என்றார் கரீமுல்லா.

“வண்டியக் காக்க வெக்கறது குத்தம்” என்றார் டிரைவர்.

“சீமந்த புத்திரன அமெரிக்கா அனுப்பற மாதிரி இருக்கு பாய்” என்றார் கிச்சா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நல்லபடியா ஏறுங்கோ. நன்னா உள்ள தள்ளி உக்காருங்கோ. கதவ நான் சாத்தறேன்.”

வாகனம் திரும்புகிறவரை கூட்டம் கைதட்டியது. மூலை திரும்பியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது ஜஹனாராவுக்குக் கேட்டது.

நாலு மணிக்கே அவள் மண்டபத்தில் இருந்தாள். சந்தன மேஜையில் இப்போது ‘பூமித் தொடர்பு’ என்ற பலகை. அன்புக்கரசியின் முன்னால் ஒரு போன், ஒரு செல்போன், ஒரு மேஜைக் கடிகாரம்.

“சத்தியம் பண்ணும்போது ஒண்ணும் தகராறு இல்லியே?” என்றாள் ஜஹனாரா.

“ஒண்ணும் இல்லம்மா. தலையணையத் தட்டிப் பாத்து அனுப்பிட்டாங்க. நாலே முக்காலுக்கு ஐயா பேசுவாரு.”

நாலே முக்கால் ஆனது. அன்புக்கரசி செல்போனை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த சின்னத் துவாரத்துப் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொண்டார்.

“பேசிட்டாரும்மா. பதிவு பண்ணிட்டேன். அஞ்சு அஞ்சுக்குக் கேக்கலாம்.”

“பேசிட்டாரா? குடு, இப்பவே கேக்கறேன்!”

“செவ்வாய்லேருந்து குரல் வந்து சேர நேரம் ஆகும்மா. சில மாசம் மூணு நிமிசம், சில மாசம் இருபத்திரெண்டு. வாரியம் பொதுவா இருபதுன்னு வெச்சிருக்கு. நீங்க பேசறதும் இருபது நிமிசம் கழிச்சுத்தான் அந்தப் பக்கம் போட்டுக் காட்டுவேன்.”

“அவரு செவ்வாய்லயா கீறாரு? இந்தச் செவுத்துக்குப் பின்னாடி கீறாரும்மா!”

“பழக்கத்துக்குத்தாம்மா.”

ஜஹனாரா சுவரைப் பார்த்தாள். பிறகு அதில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். “ஏங்க! ஏங்க!”

“தட்டாதீங்கம்மா. விண்வெளில சத்தம் போகாது. அப்படியே கேட்டாலும், கேட்ட மாதிரி நடந்துக்கக் கூடாதுன்னு உள்ள விதி எழுதி ஒட்டியிருக்கு.”

ஐந்து மணிக்கு, ம்ம்ம்மென்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. அதுவரை அந்தச் சத்தம் இருந்ததே மறந்துபோயிருந்தது. எல்.பி. ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் இப்போது தெளிவாகக் கேட்டது.

“இன்னா அது?”

அன்புக்கரசி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். “காத்துக் குறைப்புப் பயிற்சி. இன்னிக்கு முதல் நாள்தானே. கொஞ்சம்தான் குறைப்பாங்க.”

ஐந்து ஐந்துக்கு செல்போனை நீட்டினார். கரீமுல்லாவின் குரல் வந்தது. நடுநடுவே பூனைச் சத்தம்.

“ஜஹனாரா… சாப்டியா? இங்க கல்யாண மேடை அப்பிடியே கீது. அதுலதான் படுக்கச் சொல்லிக்கீறாங்க. காத்த நிறுத்தப்போறாங்களாம். இன்னும் நிறுத்தல. அதுக்குள்ளயே லேசா இளைக்குது. பயந்துட்டேன்னு நெனைக்கிறேன். பம்ப்பு… வூட்ல மேஜமேல கீது பாரு. தண்ணி படாம எடுத்து வை. வந்தா வேணும்.”

அவ்வளவுதான். ஜஹனாரா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இது பேசி இருபது நிமிசம் ஆயிடுச்சா?”

“ஆமாம்மா.”

“இப்ப நான் சொன்னா இன்னொரு இருபது. அவரு பதில் சொல்ல இன்னொரு இருபது…”

“அஞ்சே முக்காலுக்கு கவுண்டர் மூடிடுவோம்மா. நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் லீவு. திங்கக்கிழம காலைல பத்தரைக்கு வந்தீங்கன்னா பதிலக் கேட்டுக்கலாம்.”

“தாயே, ஒரே ஒரு தடவ. காத்திருக்காம உடனே போட்டுக் காட்டும்மா. உன் கைலதானே கீது.”

அன்புக்கரசி மணமகன் அறையின் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“விதிய மீறினா, மீறினதுக்கு சாட்சி யாரும்மா? நான்தானே. சாட்சின்னா விதி பதினாலு. எனக்கு ஒரு கைக்குழந்தை இருக்கும்மா.” செல்போனில் பதிவை அழுத்தி அவள் பக்கம் தள்ளினார். “பேசுங்க. நீங்க எவ்வளவு சீக்கிரம் பேசறீங்களோ அவ்வளவு சீக்கிரம் இருபது நிமிசம் ஆரம்பிக்கும்.”

கடிகாரத்தில் ஐந்து ஏழு. ஜஹனாரா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

“ஏங்க, பம்ப்பு வூட்ல இல்ல, தலையணைக்குள்ள கீது. செவப்பு நூல் போட்ட பக்கம், நீங்க கோணல்னு சொன்னீங்களே, அதே பக்கம். கிழிங்க. கிழிச்சீங்களா?”